அறிவித்தவரின் கையொப்பம்

மெல்பேர்னில் இருக்கும் மகள் ஸப்னா கேட்டது மூன்றே மூன்று காகிதங்கள். அவளுடைய பிறப்புச் சான்றிதழ், வாப்பா உம்மாவின் விவாகச் சான்றிதழ், உம்மாவின் மரணச் சான்றிதழ். அவளும் புருஷனும் அங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கு விண்ணப்பித்திருந்தார்கள். பழைய பிரதிகள் செல்லாதாம். புதிதாக எடுத்தவைதான் வேண்டுமாம்.

"ஒரு நாள் வேலை மகள். திங்கக்கிழமை வெள்ளனப் போய் எடுத்திட்டு வாறன்" என்று போனில் சொல்லிவிட்டார் கச்சிமுகம்மது.

அவருக்கு அறுபத்தேழு வயது. கல்முனைக்கும் அம்பாறைக்கும் இடையில் இருபத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். காகிதக் கோவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அம்பாறை அரசாங்கக் கச்சேரிக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேரை ஏற்றி இறக்கியிருக்கிறார். போன முகத்தோடு திரும்பி வந்தவர்கள் குறைவு. ஒரு நாளில் மூன்று காகிதம் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் தூரத்தில் இருக்கிற பிள்ளையிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

திங்கட்கிழமை எட்டரைக்கே பிரதேச செயலகத்தின் பதிவுப் பகுதியில் போய் நின்றார். அங்கே நஜ்லா என்ற இளம் உத்தியோகத்தர் இருந்தாள். முப்பது வயது இருக்கும். மூன்று படிவங்களையும் வாங்கிப் பார்த்து, விடுபட்ட இடங்களைத் தன் பேனையாலேயே நிரப்பிக் கொடுத்தாள்.

"மூண்டுமே கொம்பியூட்டர்ல ஏத்தின பதிவுதான் மாமா. புத்தகத்துல எப்பிடி இரிக்கோ அப்பிடியே படமா எடுத்துத் தருவம்."

"அப்ப கையெழுத்தும் வருமா மிஸ்?"

"ஓம், கையெழுத்து, வெட்டித் திருத்தினது, மை சிந்தினது, எல்லாம் வரும்."

முன்பெல்லாம் அப்படியில்லை. எழுதுவினைஞர் புத்தகத்தைப் பார்த்துத் தன் கையாலேயே ஒரு பிரதி எழுதித் தருவார். கையொப்பம் இருக்கவேண்டிய இடத்தில் 'ஒப்பமிட்டது' என்று மட்டும் இருக்கும். இப்போது படமாகவே வரும் என்கிறாள் இந்தப் பெண். மர வாங்கில் போய் இருந்தவருக்கு ஒரே ஒரு நினைப்புத்தான். ஸுஹைறாவின் கையெழுத்தை இன்றைக்குப் பார்க்கலாம்.

ஸுஹைறா அவருடைய மனைவி. அவருடைய கையில் அவளுடையதென்று எஞ்சியிருந்தது அடையாள அட்டை அலுவலகத்திலிருந்து தேடிப் பெற்ற ஒரு சின்னப் படம் மட்டும்தான். மற்ற எல்லாவற்றையும் கடல் கொண்டுபோனது. கல்முனைக்குடியில் கடற்கரையை ஒட்டியிருந்தது அவளுடைய சீதன வீடு. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அவர் அம்பாறையில் பஸ்ஸுக்குள் இருந்தார். பத்து வயது ஸப்னா பள்ளி விடுமுறைக்கு நிந்தவூரில் மாமி வீட்டில் இருந்தாள். வீட்டில் இருந்தது ஸுஹைறா மட்டும்.

படங்களைவிட, உடுப்புகளைவிட, அவர் மனது ஏங்கியது கடிதங்களுக்குத்தான். தொண்ணூற்று நான்கு சித்திரையில் அவர் சவூதியின் தமாமுக்குத் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டப் போனபோது ஸுஹைறா இரண்டு மாதக் கர்ப்பிணி. மூன்றரை வருஷம் அங்கே இருந்தார். இரண்டு கிழமைக்கு ஒன்றாக எண்பது கடிதங்கள் வந்தன. கோத்த மணிபோல ஓர் எழுத்தும் மற்றதும் ஒட்டாமல், ஒரு பக்கமும் சரியாமல் நிற்கும் எழுத்து. கூட வேலை செய்த மலையாளி ஒருவன், வாசிக்கத் தெரியாவிட்டாலும், கடிதத்தை வாங்கிப் பார்த்து 'இது அச்சடிச்சதோ' என்று கேட்டிருக்கிறான். அந்தக் கடிதங்களையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி ஊருக்குக் கொண்டுவந்தார். டின்னும் போனது. எழுத்து மட்டும் கண்ணுக்குள் அப்படியே இருந்தது.

பதினொரு மணிபோல நஜ்லா கூப்பிட்டாள். விவாகச் சான்றிதழும் மரணச் சான்றிதழும் தயாராக இருந்தன.

விவாகப் பதிவை முதலில் பார்த்தார். அவருடைய சொந்தக் கையெழுத்து முப்பத்துமூன்று வயதுக் கொழுப்போடு நீண்டு வால் விட்டிருந்தது. அதற்குக் கீழே மாமனாரின் ஒப்பம். பிறகு சாட்சிகள் இரண்டு பேர், பதிவுகாரர். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மிஸ், பொண்ணுட கையெழுத்து எங்க?"

"பொண்ணுக்குக் கையெழுத்து இல்ல மாமா. எங்கட காவின் பதிவுல பொண்ணுக்காக அவட வாப்பா, வொலிதானே வைக்கிற." சொல்லிவிட்டு நஜ்லா கொஞ்சம் நிறுத்தினாள். "என்ட காவின்லயும் என்ட கையெழுத்து இல்ல. வாப்பாதான் வெச்ச."

அவர் அதை அதுவரை யோசித்ததே இல்லை. அன்றைக்கு விறாந்தை முழுக்க ஆண்கள். வாசனைப் புகை. கையைப் பிடித்து வாசகம் சொல்லிக் கொடுத்த லெப்பையின் கரகரத்த குரல். ஸுஹைறா உள் அறையில் பெண்களோடு இருந்தாள். புத்தகம் அந்த அறைப் பக்கம் போகவேயில்லை. அது போயிருக்க வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவும் இல்லை, அவருக்கும்தான்.

மரணச் சான்றிதழில் அறிவித்தவர் அவரே. இரண்டாயிரத்து ஐந்து மாசி மாதம் வைத்த அந்தக் கையெழுத்துக்கு வாலும் இல்லை, நேரும் இல்லை. அதை அவர் அதிக நேரம் பார்க்கவில்லை. மடித்து உறைக்குள் வைத்தார்.

"பிறப்புப் பதிவு மட்டும் சரியா வரல்ல மாமா. இஞ்ச பாருங்க, மை வெளிறிக் கீழ்ப்பக்கம் ஒண்டுமே விளங்குதில்ல. வெளிநாட்டுக்கு இது பத்தாது. மூலப் புத்தகத்த எடுத்து, இருட்டாக்கித் திரும்ப ஸ்கேன் பண்ணணும். வியாழக்கிழமை வாங்களேன்."

"அறிவிச்சது ஆரு எண்டாவது தெரியுதா?"

நஜ்லா திரையை உற்றுப் பார்த்தாள். "தாய் எண்டு இரிக்கு. உங்கட மனிசிதான் வந்து பதிஞ்சிரிக்கா."

ஆம், அவர் தமாமில் அல்லவா இருந்தார். அவளேதான் போயிருக்க வேண்டும். ஒரு நாளில் முடியாத வேலை அவருக்குச் சந்தோஷத்தைக் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை வரைக்கும் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சுனாமிக்குப் பிறகு கட்டிய வீட்டுத்திட்டத்தில் தனியே இருக்கிற மனிதர் அவர். தேத்தண்ணி ஊற்றும்போதும் பள்ளிவாசலுக்கு நடக்கும்போதும் ஸுஹைறா கடிதத்தின் அடியில் எழுதும் பெயர் கண்ணுக்குள் வந்து நின்றது. 'ஸு'வின் வளைவு, 'ஹை'யின் தலை, 'றா'வின் கால். எண்பது தடவை பார்த்த பெயர்.

வியாழக்கிழமை நஜ்லா மேலதிகாரியிடம் அனுமதி கேட்டு, துணி அட்டை போட்ட அகலமான புத்தகத்தை மேசைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தாள். "தொடாமப் பாருங்க மாமா" என்று சொல்லிப் பக்கத்தைத் திறந்தாள்.

குனிந்தார். தந்தை பெயர் கச்சிமுகம்மது. பிள்ளை பெயர் ஸப்னா. எல்லாம் பதிவுகாரரின் எழுத்து. அடியில், 'அறிவித்தவரின் கையொப்பம்' என்ற கட்டத்துக்குள், மை வெளிறிய ஒரு பெயர்.

அவருடைய ஸுஹைறாவின் எழுத்து இல்லை அது.

ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே, ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் கோட்டைத் தாண்டிக் கிடந்தது. 'ஸு'வை இரண்டு தடவையில் எழுதியிருந்தது. பேனையை அழுத்திய அழுத்தத்தில் காகிதம் குழிந்திருந்தது. மை போனாலும் குழி போகவில்லை. முதலாம் ஆண்டுப் பிள்ளை எழுதியதுபோல இருந்தது.

"இது வேற ஆரோ வெச்ச ஒப்பம் மகள்." மிஸ் என்று கூப்பிட மறந்துவிட்டார். "என்ட மனிசிட எழுத்து முத்துப்போல இரிக்கும்."

நஜ்லா புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "இல்ல மாமா. வேற ஆரும் தாய்க்காக வெச்சிரிந்தா இதுல எழுதியிரிப்பாங்க. எழுதத் தெரியாட்டிக் கைநாட்டு எடுப்பாங்க. இது அவவே வெச்சதுதான்." பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்தாள். "நல்லாப் பழகிட்டு வந்து வெச்சமாதிரி இரிக்கு."

இருட்டாக்கி எடுத்த பிரதியில் ஒப்பம் தெளிவாகவே வந்தது. அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே போனார்.

அன்று பின்னேரம் ஸப்னா வீடியோவில் வந்தாள். அவர் மூன்று காகிதங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். கடைசிக் காகிதத்தைக் காட்டிக்கொண்டே, "இந்த ஒப்பத்தப் பாரு மகள். உம்மாட எழுத்து இப்பிடியா?" என்று கேட்டார்.

ஸப்னா திரைக்குக் கிட்ட வந்து பார்த்தாள். அவளுடைய கண் நிறைந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியாதா வாப்பா?"

"என்னத்த?"

"உம்மாக்கு எழுத வாசிக்கத் தெரியாதெண்டு."

அவர் கையிலிருந்த காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"நான் ரெண்டாம் ஆண்டு படிக்கக்குள்ள என்ட புத்தகத்தத்தான் உம்மாவும் படிச்ச. நான் வீட்டுப்பாடம் செய்யக்குள்ள அவவும் பக்கத்துல இரிந்து எழுதுவா. உங்கட சத்தம் கேட்டாப் புத்தகத்த மூடிருவா. வாப்பாக்குச் சொல்லாத எண்டு சத்தியம் வாங்கினவ. கடைசியா பேப்பர்ல தலைப்பெல்லாம் வாசிப்பா. அவ மௌத்தானதுக்குப் பொறகு எனக்கு அத உங்களுக்குச் சொல்ல மனசு வரல்ல."

"அப்ப அந்தக் கடிதமெல்லாம் ஆரு எழுதின?"

"எனக்குத் தெரியா வாப்பா. தையல் ரீச்சர் ஒராள் இரிந்தாவே, இமக்குலேற் ரீச்சர். உம்மா எல்லாத்துக்கும் அவக்கிட்டத்தானே ஓடுற. அவவக் கேட்டுப் பாருங்க."

அன்று இஷாத் தொழுதுவிட்டு வந்தும் அவருக்கு மனது ஓயவில்லை. தமாமிலிருந்து வந்தபிறகு ஏழு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார். கடைக்குச் சாமான் சொல்லும்போது ஸுஹைறா ஒரு துண்டுகூட எழுதித் தந்ததில்லை. பள்ளிக்கூட ரிப்போட்டில் எப்போதும் அவர்தான் ஒப்பம் வைத்தார். மருந்துப் போத்தலைக் கொடுத்தால், 'கண் சரியில்ல, நீங்க பாருங்க' என்பாள். முப்பது வயதில் என்ன கண் சரியில்லாமை? கேட்கவில்லையே. விடியப்புறம் பஸ்ஸோடு போய், பொழுது பட்டு வந்தவருக்கு, சோறும் சிரிப்பும் போதுமாயிருந்தது.

அதைவிட இன்னொன்று உள்ளே குத்தியது. அந்தக் கடிதங்களை வாசித்து வாசித்துத்தான் அந்த வெயிலை அவர் தாண்டினார். எழுத்து அவளுடையது இல்லையென்றால், உள்ளேயிருந்த பேச்சு யாருடையது?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் சைக்கிளை எடுத்தார். இமக்குலேற் ரீச்சரின் வீடு பாண்டிருப்புக்குத் திரும்பும் பக்கத்தில், சுவரில் மாதா படம் பதித்த சின்ன வீடு. ரீச்சருக்கு எழுபத்தைந்து வயது. ஒரு காலை இழுத்து இழுத்து வந்து கதவைத் திறந்தார்.

"நான் கச்சிமுகம்மது. கல்முனைக்குடி ஸுஹைறாட..."

"ஸுஹைறாட அவரா!" ரீச்சர் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தார். "வாங்க தம்பி, உள்ளுக்கு வாங்க. உங்களை நான் படத்தில மட்டும்தான் கண்டிருக்கிறன். சவூதியில, பவுசருக்குப் பக்கத்தில நிண்டு எடுத்த படம்."

கதிரையில் இருந்ததும் அவர் உறையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்ததும் சிரித்தார். சிரிப்பு முடியும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

"இந்த 'ஸு'வுக்குத்தான் தம்பி ரெண்டு கிழமை போனது. லேசான 'சு' போடு புள்ள, ஆர் கேக்கப் போறாங்க எண்டன். விடயில்ல. என்ட பேர் எப்படியோ அப்படித்தான் எழுதவேணும் எண்டா."

"நீங்களா ரீச்சர் பழக்கின?"

"நான்தான். கைநாட்டு வைக்கலாம் எண்டு எல்லாரும் சொன்னவங்க. என்ட புள்ளட பேர் இருக்கிற புத்தகத்தில விரலை அமத்த மாட்டன் எண்டு நிண்டா. பிறந்து பத்து நாள்கூட இல்லை, புள்ளையைத் துணியில சுத்திக்கொண்டு வந்திருவா. புள்ள மடியில, தையல் மேசையில துணி, அதில சோக்கால எழுதி எழுதித் தட்டிப்போட்டுத் திரும்ப எழுதுவா. அந்த நாளையில சண்டை, கலவரம். உங்கட முஸ்லிம் பக்கத்தில இருந்து எங்கட தமிழ்ப் பக்கத்துக்குச் சந்தியைத் தாண்டி வரவே ஆக்கள் பயந்தது. இவ மழைக்குள்ள குடையோட வருவா."

கச்சிமுகம்மது தலையைக் குனிந்துகொண்டார். "கடிதமும் நீங்கதானா எழுதின?"

"ஓம் தம்பி. வாசிச்சுக் காட்டினதும் நான்தான்." ரீச்சரின் முகத்தில் குறும்பு வந்தது. "உங்கட கடிதத்தில சில இடம் வரக்குள்ள, அதை வாசிக்காதீங்க ரீச்சர் எண்டு கத்துவா. வாசிக்காம அது வாசிக்கக்கூடாத இடம் எண்டு எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க பாப்பம்!"

அறுபத்தேழு வயது மனிதர் காது சிவந்து கூரையைப் பார்த்தார்.

"ஏன் ரீச்சர் எனக்கிட்ட மறைச்ச?"

"மறைக்க வேணும் எண்டு மறைக்கயில்ல. முதல் கடிதத்துக்கு நீங்க என்ன பதில் போட்டீங்க? 'உன் எழுத்து இவ்வளவு வடிவாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை' எண்டு எழுதினீங்க. அதை வாசிச்சோண்ண அவட முகம் செத்துப் போச்சு. இனி எப்படிச் சொல்ற ரீச்சர் எண்டா. நீங்க வந்தாப்பிறகு நான் கேட்டன், படிப்பை விடாத, மிச்சத்தையும் பழக்கிறன் எண்டு. அதுக்கு என்ன சொன்னா தெரியுமா? 'மனிசன் வந்திட்டார் ரீச்சர், இனி நேராக் கதைக்கலாம்தானே.'"

வெளியே மீன்காரனின் மோட்டார் சைக்கிள் ஹோன் அடித்துக்கொண்டு போனது. பிறகுதான் அவர் கேட்க வந்ததைக் கேட்டார்.

"ரீச்சர், மறைக்காமச் சொல்லுங்க. எழுத்து உங்கட எழுத்து. அதுக்குள்ள இரிந்த கதை ஆருட?"

"ஐயோ தம்பி!" ரீச்சர் நிமிர்ந்து இருந்தார். "கதையில ஒரு சொல்லும் என்னுடையதில்ல. நான் வழமைப்படி 'நலம், நலமறிய ஆவல்' எண்டு தொடங்குவன். அதை வெட்டச் சொல்லுவா. 'அவருக்கு அது என்னத்துக்கு, மழை பெய்யுது எண்டு எழுதுங்க' எண்டுவா. பிழையான தமிழ் எண்டு நான் திருத்தினா, திரும்ப வாசிக்கச் சொல்லிப் போட்டு, 'இது நான் சொன்னதில்ல, நீங்க சொன்னது' எண்டு கண்டுபிடிச்சிருவா. உங்களுக்கு எழுதினது அவதான். நான் அவட பேனை."

ஆம், மழை என்றுதான் அந்தக் கடிதங்கள் தொடங்கும். மழை, அல்லது வெயில், அல்லது கடல் இரையுது. சலாம் சொன்ன கையோடு நேரே வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும் கடிதங்கள்.

"உங்களுக்கு ஒண்டாவது ஞாபகம் இரிக்கா ரீச்சர்?"

ரீச்சர் கண்ணை மூடினார். வகுப்பில் சொல்வதெழுதுதல் சொல்கிறவர்போல, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"மழை பெய்யுது. கோழி ஆறும் அடுப்படிக்குள்ள நிக்கிது. நான் வெளியில நிக்கிறன். புள்ள இண்டைக்குச் சிரிச்சது. உங்கட வாய் எண்டு உங்கட உம்மா சொல்றா. எனக்கு அப்படித் தெரியல்ல. நல்லாப் பாத்தன், என்ட வாய்தான். நீங்க வந்து பாத்துச் சொல்லுங்க. அவசரமில்ல, புள்ள சிரிச்சிக்கொண்டுதான் இருக்கும்."

தமாமில், மூன்று அடுக்குக் கட்டிலின் நடுத்தட்டில் கிடந்து இதை வாசித்தது அவருக்கு நினைவு வந்தது. அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்து மேல்தட்டுக்காரனிடம் ஏச்சு வாங்கினார். இப்போதும் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு கைலேஞ்சியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். ரீச்சர் தேத்தண்ணி வைக்கப் போவதாகச் சொல்லி, காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனார். தேத்தண்ணிக்குத் தேவைப்பட்டதைவிட அதிக நேரம் அங்கே நின்றார்.

புறப்படும்போது ரீச்சர் கொஞ்சம் தயங்கினார்.

"தம்பி, பதிவுக் கந்தோருக்குப் போய் வாறீங்களே. என்ட அவர் செபரட்ணம் மோசம் போய் மூண்டு வருஷம். அவரிட மரணப் பதிவில ஒரு பிரதி எடுக்க வேணும். இந்தக் காலோட வரிசையில நிக்க ஏலாமக் கிடக்கு."

"விவரத்தத் தாங்க ரீச்சர். படிவத்த நானே கொண்டு வாறன். நீங்க ஒப்பம் மட்டும் வைங்க."

சனிக்கிழமை மூன்று காகிதங்களையும் கூரியரில் மெல்பேர்னுக்கு அனுப்பினார். பிறப்புச் சான்றிதழில் தனக்கென்று இன்னொன்று எடுக்க வேண்டும் என்று குறித்து வைத்துக்கொண்டார். ஸப்னாவுக்கு எல்லாக் கதையையும் சொன்னார். அவள் அழுதாள், பிறகு ஆறு கோழியும் அடுப்படிக்குள் நின்ற கதைக்குச் சிரித்தாள். நான்கு மாதத்தில் அவர்களுடைய விண்ணப்பம் சரிவந்தது.

ஆனால் அதற்கு முன்பே, அடுத்த திங்கட்கிழமை, கச்சிமுகம்மது நஜ்லாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். இரண்டு படிவங்களை வைத்தார். ஒன்றில் ஸப்னாவின் பெயர். மற்றதைப் பார்த்த நஜ்லா தலையை நிமிர்த்தினாள்.

"செபரட்ணம். இது ஆரு மாமா?"

"எங்கட ஆள்தான் மகள்" என்றார் கச்சிமுகம்மது.

நஜ்லா, விடுபட்டிருந்த ஒரு கட்டத்தை நிரப்ப, தன் பேனையைத் திறந்தாள்.